மின்னும் முலாமும் தாங்கும் கம்பியும்

மாட்டு வண்டிக்குச் சக்கரம் செய்யும் தச்சர்கள் அதன் உறுப்புகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் பொருள் பொதிந்தவை. நடுவில் இருப்பது குடம். குடத்தினின்று புறப்படுபவை ஆரக்கால்கள். அவற்றின் முனைகளைச் சேர்த்து வட்டமாக்குபவை வட்டைகள். வட்டைகளை இறுகப் பற்றியிருப்பது இரும்புப் பட்டை. ஆரக்கால் என்னும் பெயருக்கேற்ப அது காலாகவே நின்று பாரத்தைச் சுமக்கிறது. வண்டி நகர நகர, தரையை நோக்கி நிற்கும் கால் மாறிக்கொண்டே இருக்கும்; எக்கால் கீழே வருகிறதோ அக்கால் பாரத்தை ஏற்கும். தேக்கும் வாகையும் போன்ற வயிரமேறிய மரங்கள் இதற்குத் தேவைப்பட்டமைக்குக் காரணம் இதுவே. மரச் சக்கரம் நிற்கும் சக்கரம்.

மிதிவண்டியின் சக்கரத்தைப் பார்த்தால் இக்கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. அதன் கம்பியொன்றைத் தனியே எடுத்துத் தரையில் ஊன்றி அழுத்தினால் சிறுவனின் கைவலிமைக்கே வளைந்துவிடும். ஆயினும் அத்தகைய கம்பிகள் முப்பதும் நாற்பதும் கூடி ஒரு மனிதனையும் அவனுடைய மூட்டையையும் சுமக்கின்றன. அதே கம்பிகள் சற்றுத் தடித்து, எண்ணிக்கையில் பெருகி, ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள மோட்டார் வண்டிகளையும் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுமந்தன.

அவ்வாறு ஓடிய பழைய கார்களைப் போற்றிக் காப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர். அவர்கள் தம் வண்டிகளின் கம்பிச் சக்கரங்களைக் கழற்றித் துருநீக்கி, மெருகேற்றிப் புதுப்பிக்கின்றனர். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இது பொழுதுபோக்காகத் தோன்றலாம். உண்மையில் அச்சக்கரத்தின் வரலாறு முழுவதும் ஊடோடி நிற்கும் ஒரு வினாவை அப்பணியில் ஈடுபடும் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள நேர்கிறது. கண்ணுக்கு இனிய பளபளப்பும் உயிரைத் தாங்கும் உறுதியும் ஒன்றோடொன்று முரணும்போது எதற்கு முதலிடம் தருவது என்பதே அவ்வினா. அவ்வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

பறக்க விரும்பியவர் கண்ட வழி

கம்பிச் சக்கரத்தின் கருத்து முதலில் உருவானது தரையில் ஓடும் வண்டிக்காக அன்று. இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த சர் ஜார்ஜ் கேலி, மனிதன் வானில் பறக்கும் வழியை ஆராய்ந்தவர். பறக்கும் பொறி தரையில் ஓடி எழவும் இறங்கவும் சக்கரம் வேண்டும்; ஆனால் மரச் சக்கரத்தின் எடையோ மிகுதி. ஆகவே 1808ஆம் ஆண்டில் அவர் ஆரக்கால்களையே அகற்றிவிட எண்ணினார். வலிமையான வட்டத்துக்கும் குடத்துக்கும் இடையே கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டால் போதும். வட்டம் தன் உறுதியாலேயே பாரத்தைத் தாங்கும் என்று கண்டார்.

இதன் நுட்பம் எளியது. எல்லாக் கம்பிகளும் முன்னரே இழுத்து இறுக்கப்பட்டிருக்கின்றன. பாரம் ஏறும்போது தரையை நோக்கியுள்ள கம்பிகளின் இறுக்கம் சிறிது தளர்கிறது. மேலும் பக்கங்களிலும் உள்ளவை இறுகியே நிற்கின்றன. மரச் சக்கரத்தின் குடம் காலின்மேல் நிற்க, கம்பிச் சக்கரத்தின் குடம் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது எனலாம். கம்பி அழுத்தத்துக்கு வளையுமே தவிர, இழுப்புக்கு எளிதில் அறாது. மெல்லிய கம்பி பெரும்பாரத்தை ஏற்கும் மறைபொருள் இதுவே.

இக்கருத்து தொழிலாக மலர அறுபதாண்டுகள் ஆயின. 1869இல் பாரிஸ் நகரின் யூஜின் மேயர், ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே முறுக்கிச் சரிசெய்யத்தக்க சக்கரத்துக்கு உரிமம் பெற்றார். மறு ஆண்டே இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் ‘ஏரியல்’ என்னும் மிதிவண்டியைக் கம்பிச் சக்கரத்துடன் வெளியிட்டனர். ஹில்மனின் பெயர் பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளின்மேலும் பொறிக்கப்பட்டது.

தொடக்ககாலச் சக்கரங்களில் ஒரு குறை இருந்தது. குடத்திலிருந்து நேராக வட்டத்துக்குச் செல்லும் கம்பிகள் பாரத்தைத் தாங்கின; ஆனால் மிதிக்கும் விசை குடத்தைத் திருகும்போது அவை அதை வட்டத்துக்கு நன்கு கடத்தவில்லை. 1874இல் ஸ்டார்லி இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். கம்பிகளைக் குடத்தின் விளிம்பைத் தொட்டுச் செல்லுமாறு சாய்வாகவும், ஒன்றையொன்று குறுக்காகக் கடக்குமாறும் கோத்தார். குடம் எப்பக்கம் திரும்பினாலும் ஒரு சாரார் இழுத்துப் பிடித்துக்கொள்வர். இன்றும் நம் தெருவில் ஓடும் மிதிவண்டிகளின் சக்கரங்கள் பெரும்பாலும் அவர் கோத்த முறையிலேயே கோக்கப்படுகின்றன.

மோட்டார் வண்டி ஏறிய கம்பி

1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு உரிமம் கோரி விண்ணப்பித்தார். அவ்வண்டியின் மூன்று சக்கரங்களும் மிதிவண்டித் தொழிலிலிருந்து வந்த கம்பிச் சக்கரங்களே. 1889இல் டைம்லரும் மைபாக்கும் பாரிஸ் பொருட்காட்சியில் காட்டிய வண்டிக்கு ‘உருக்குச் சக்கர வண்டி’ என்றே பெயர். இருப்பினும் வண்டிகளின் எடையும் வேகமும் வளர்ந்தபோது மிதிவண்டி மரபுச் சக்கரம் தடுமாறியது. இரு சக்கர வண்டி வளைவில் தானே சாய்ந்துகொள்ளும். ஆதலால் அதன் சக்கரத்துக்குப் பக்கவாட்டு விசை மிகுதியில்லை. நான்கு சக்கர வண்டியோ சாய்வதில்லை. வளைவுதோறும் சக்கரத்தைப் பக்கவாட்டில் மடக்கப் பார்க்கும். எனவே பீரங்கி வண்டிகளில் பழகிய தடித்த மரச் சக்கரத்துக்கே பலரும் திரும்பினர்.

அந்நாளில் சக்கரங்கள் வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தன. டயரில் ஆணி ஏறினால் நடுவழியிலேயே அமர்ந்து டயரைக் கழற்றி, டியூபை ஒட்டி, மீண்டும் காற்றடிக்க வேண்டும். இத்தொல்லைக்கு 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள் ஒரு தீர்வு கண்டனர். காற்றடைத்த டயர் பூட்டிய, ஆரக்கால்களற்ற வட்டம் ஒன்றைப் பழுதான சக்கரத்தின் பக்கத்தில் கவ்வவைத்து ஓட்டிச் செல்லலாம். அவர்களுடைய தொழிலகம் இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. உதிரிச் சக்கரத்தை நாம் இன்றும் ‘ஸ்டெப்னி’ என்று அழைக்கிறோமே, அச்சொல் அந்தத் தெருவிலிருந்துதான் வந்தது. பொருள் மறைந்த பின்னும் பெயர் நம்மிடம் தங்கிவிட்டது.

ஸ்டெப்னி தற்காலிகத் தீர்வு. சக்கரத்தையே நொடியில் கழற்றி மாற்ற இயலுமா என்று ஆராய்ந்தவர் கவன்ட்ரியின் ரட்ஜ்-விட்வர்த் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பியூ. 1907ஆம் ஆண்டளவில் அவர் உருவாக்கிய சக்கரம் கம்பிக்கு மறுவாழ்வளித்தது. அதில் மூன்று வரிசைக் கம்பிகள் இருந்தன. உள்ளிரு வரிசைகள் சாய்வாகக் கோக்கப்பட்டு, பொறி தரும் திருகுவிசையையும் தடை தரும் எதிர்விசையையும் ஏற்றன. வெளிவரிசை வளைவுகளின் பக்கவாட்டு விசையைத் தாங்கியது. மிதிவண்டிச் சக்கரம் தோற்ற இடத்தில் இப்புதுச் சக்கரம் வென்றது.

அதன் குடத்தின் உட்புறத்தில் பற்கள் வெட்டப்பட்டிருந்தன. வண்டியின் அச்சில் அவற்றுக்கு இணையான பற்கள். சக்கரத்தை அச்சின்மேல் தள்ளி, நடுவில் ஒரே மரையை முறுக்கினால் போதும். பின்னாளில் அம்மரைக்கு இருபுறமும் காதுகள் வைத்து, செம்பு அல்லது ஈயச் சுத்தியலால் தட்டியே இறுக்கவும் கழற்றவும் செய்தனர். பிற்காலத்து ஆங்கிலேயக் கார்களில் இடப்பக்கத்து மரைக்கு வலஞ்சுழிப் புரியும், வலப்பக்கத்து மரைக்கு இடஞ்சுழிப் புரியும் இருந்தன. வண்டி முன்னோக்கி ஓடும்போது மரை தளராமல் தானே இறுகிக்கொள்ளும் பொருட்டே இவ்வேற்பாடு. புதுப்பிக்கும்போது அச்சு முனைகளை இடம் மாற்றிப் பூட்டிவிட்டால், ஓட ஓட மரை கழன்று சக்கரமே வண்டியை விட்டு ஓடிவிடும். சிறு கவனக்குறைவு எத்தகைய கேட்டைத் தரும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பந்தயக்காரர்கள் இச்சக்கரத்தை விரும்பி ஏற்றனர். எடை குறைவு, மாற்றுவது விரைவு, கம்பிகளுக்கிடையே காற்றுப் புகுந்து தடைகளின் வெப்பத்தைத் தணிக்கும். 1922இல் இத்தாலியின் மிலான் நகரில் கார்லோ பொர்ரானி, ரட்ஜ்-விட்வர்த்தின் உரிமம் பெற்றுத் தொழில் தொடங்கினார். அலுமினிய வட்டமும் உருக்குக் கம்பியும் சேர்ந்த அவருடைய சக்கரங்கள் பிற்காலத்தில் ஃபெராரி வண்டிகளை அழகு செய்தன. இங்கிலாந்தில் டன்லப் நிறுவனம் கம்பிச் சக்கரங்களைப் பெருமளவில் செய்தது. 1945இல் வந்த எம்.ஜி. டி.சி. வண்டியின் சக்கரங்கள் 19 அங்குல விட்டம் கொண்டவை. ஜாகுவார் எக்ஸ்.கே. 120 வண்டியின் கம்பிச் சக்கரத்தில் 54 கம்பிகள். 1961இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பில் 72 கம்பிகள். வண்டியின் ஆற்றல் கூடக்கூடக் கம்பிகளின் எண்ணிக்கையும் கூடியதை இக்கணக்கே காட்டும்.

எழுச்சிக்குப் பின் இறக்கமும் வந்தது. தகட்டை அழுத்தி வார்க்கும் உருக்குச் சக்கரம் மலிவானது. அடிக்கடி சரிபார்க்க வேண்டியதில்லை. அன்றாட வண்டிகள் அதற்கு மாறின. பந்தயக் களத்திலும் மாற்றம் விரைந்து நேர்ந்தது. 1953இல் லே மான்ஸ் பந்தயத்தை வென்ற ஜாகுவார் சி-டைப் கம்பிச் சக்கரங்களில் ஓடியது. 1955இல் அதே பந்தயத்தை வென்ற ஜாகுவார் டி-டைப் உலோகக் கலவைத் தகட்டுச் சக்கரங்களில் ஓடியது. அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் நாளிலிருந்து, வெளியே நீண்டு நிற்கும் காதுகள் நடப்போரைக் காயப்படுத்தும் என்று சட்டம் தடுத்தது. 1996இல் அவ்விதி நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் கம்பிச் சக்கரம் அன்றாட வாழ்விலிருந்து பழம்பொருள் காப்போர் கைக்கு வந்துசேர்ந்திருந்தது.

முலாம் வந்த வழி

அன்றாடம் ஓடிய கம்பிச் சக்கரங்களில் பெரும்பாலானவை பளபளப்பானவை அல்ல என்பதை ஈண்டு குறிப்பிடுதல் வேண்டும். எனாமல் பூசி அடுப்பில் சுட்டு இறுக்கிய வண்ணமே அவற்றின் ஆடை. ஐம்பது, அறுபதுகளின் ஆங்கிலேயப் பந்தயச் சாயல் வண்டிகள் பலவும் வெள்ளிச் சாம்பல் வண்ணம் பூசிய சக்கரங்களுடனேயே தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. குரோமியம் வேண்டுவோர் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

இங்கு ‘முலாம்’ என்னும் சொல்லைச் சற்று நோக்குவோம். மின்னுதலைக் குறிக்கும் ‘லமஅ’ என்னும் அரபு வேரிலிருந்து பிறந்த ‘முலம்மஃ’ என்னும் சொல் பாரசீகத்திலும் உருதுவிலும் வழங்கி, தமிழுக்கு வந்து முலாம் ஆயிற்று. அரபு அடியும் பாரசீக அடியும் மாறி மாறி மின்னும் கவிதை வகைக்கும் பாரசீகர் இப்பெயரையே சூட்டினர். ஆகவே முலாம் என்பதன் வேர்ப்பொருளில் மின்னுதல் உண்டு, தாங்குதல் இல்லை. நம் கதைக்கு இது பொருத்தமான குறிப்பு.

மின்சாரத்தால் முலாம் பூசும் வழியை 1805இல் இத்தாலியின் புருக்னதெல்லி பொன்னைக் கொண்டு செய்து காட்டினார். 1840இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன்கள் பொன், வெள்ளி முலாமுக்கு உரிமம் பெற்று அதைப் பெருந்தொழிலாக்கினர். நிக்கல் முலாமைத் தொழிலாக்கிய ஐசக் ஆடம்ஸ் அமெரிக்காவில் உரிமம் பெற்றது 1869ஆம் ஆண்டு. மேயர் கம்பிச் சக்கரத்துக்கு உரிமம் பெற்ற அதே ஆண்டு அது. மிதிவண்டியின் உறுப்புகள் நிக்கலால் மின்னத் தொடங்கின. ஆனால் நிக்கல் நாளடைவில் மஞ்சள் படர்ந்து மங்கும். அடிக்கடி துடைக்க வேண்டும். 1920களின் நடுவே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காலின் ஃபிங்க் முதலானோரின் ஆய்வால் குரோமியம் முலாம் வணிகத்துக்கு வந்தது. மங்காத, நீலச்சாயல் கொண்ட அதன் ஒளியில் உலகம் மயங்கியது.

இந்த ஒளியின் கனம் எவ்வளவு? அழகுக்காகப் பூசும் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவானது. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை ஒப்பிட்டால் அதன் மென்மை விளங்கும். துருவைத் தடுப்பது பெரும்பாலும் அதன் கீழுள்ள நிக்கல் படலமே. மேலே மின்னுவது ஒன்று. உள்ளே காப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தாங்கி, பாரத்தையும் சுமப்பது உருக்குக் கம்பி.

உள்ளே புகும் பகை

முலாம் பூசுமுன் உருக்கின் துருவையும் அழுக்கையும் அமிலத்தில் தோய்த்துப் போக்குவர். பின்னர் மின்தொட்டியில் இறக்குவர். இவ்விரு நிலைகளிலும் ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. அதில் பெரும்பகுதி குமிழிகளாக வெளியேறும். ஒரு சிறு பகுதியோ அணுக்களாக உருக்கினுள் நுழைந்துவிடும். உருக்கு எவ்வளவு கடினமானதோ, எவ்வளவு இறுக்கமாக இழுக்கப்பட்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்த ஊடுருவல் கொடியது. நெகிழும் தன்மையை இழந்த உருக்கு, வளையாமலே முறிந்துவிடும். முறிவு உடனே நிகழாமல் சில மணி நேரமோ சில நாளோ கழித்து நிகழ்வதும் உண்டு.

இந்நோயை முதலில் விரிவாக எடுத்துரைத்தவர் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஜான்சன். 1875இல் லண்டன் அரச கழகத்தின்முன் அவர் தம் ஆய்வை வைத்தார். அமிலத்தில் சில நிமிடங்கள் கிடந்த இரும்பும் உருக்கும் தம் உரத்தை இழப்பதையும், வெளியே சிலகாலம் கிடந்தால் அவ்வுரம் பெரிதும் மீள்வதையும், இதற்கு ஹைட்ரஜனே காரணம் என்பதையும் அவர் காட்டினார். ஸ்டார்லி சாய்வுக் கம்பியைக் கோத்ததற்கு மறு ஆண்டில் இது நிகழ்ந்தது. கம்பிச் சக்கரமும், அதை அழிக்கவல்ல நோயைப் பற்றிய அறிவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தன என்பது வியப்புக்குரியது.

சக்கரக் கம்பியைவிட இந்நோய்க்கு ஏற்ற உடல் வேறில்லை எனலாம். அது வலிமையான உருக்கு. இரவும் பகலும் இழுப்பிலேயே இருப்பது. அதோடு ஓட்டத்தின் உழைப்பும் சேர்கிறது. கார்ச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 500 முறை சுழலும். சுழலுந்தோறும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து ஒருமுறை இறுகும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஒவ்வொரு கம்பியும் ஐந்து கோடி முறை இவ்வாறு தளர்ந்து இறுகியிருக்கும். ஒரு கம்பி அறுந்தால் அதன் சுமை அண்டைக் கம்பிகளின் தலையில் விழும். பின்னர் அவையும் அறும்.

இதற்கு மருந்தும் உண்டு. முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் கம்பிகளை 190 முதல் 220 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் சூளையில் வைத்தால் ஹைட்ரஜன் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால் சூளையில் வைக்கப்பட்ட கம்பிக்கும் வைக்கப்படாத கம்பிக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்றுமில்லை. இரண்டும் ஒரேவிதமாக மின்னும். வாங்குவோர் பார்க்க இயலாத இடத்தில் செய்வோரின் நேர்மை ஒன்றே காவல். இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கவே இன்று பலர் முலாம் தேவைப்படாத துருப்பிடியா உருக்குக் கம்பிகளை நாடுகின்றனர்.

புதுப்பிக்கும் முறை

இனி, தேர்ந்த கைவினைஞர் ஒரு பழைய சக்கரத்தை எவ்வாறு புதுப்பிக்கின்றனர் என்பதைப் பார்ப்போம். முதலில் அவர்கள் பார்ப்பது மெருகை அன்று, குடத்தின் உட்பற்களை. பற்கள் தேய்ந்து கூர்மையாகியிருந்தால் வண்டி புறப்படும்போதும் நிற்கும்போதும் ‘டக்’ என்ற ஓசை எழும். பற்கள் போன சக்கரத்துக்கு எத்தனை மெருகேற்றினாலும் அது பிணத்துக்குச் செய்த ஒப்பனையே.

அடுத்தது கம்பிகளைத் தட்டிப் பார்த்தல். ஒரு சிறு திருப்புளியால் ஒவ்வொன்றையும் தட்டினால், நன்கு இறுகிய கம்பி தெளிவாக ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். யாழின் நரம்பைச் சோதிப்பது போன்றதே இது. பின்னர் கம்பிகளைக் கழற்றுவர். குடத்தின் துளையில் கம்பி வளைந்து நுழையும் இடத்தில்தான் நீர் தேங்கித் துரு மறைந்திருக்கும். முறிவும் பெரும்பாலும் அங்கேயே தொடங்கும். சக்கரத்தைக் கழற்றாமல் மேலே மட்டும் வண்ணம் பூசுவோர் அத்துருவை உள்ளே வைத்து மூடுகின்றனர்.

பழைய வண்ணத்தை நீக்குவதிலும் நிதானம் வேண்டும். முரட்டு மணலை மிகுந்த விசையுடன் அடித்தால் கம்பியின் மேற்பரப்பும் பற்களும் மரைகளும் காயப்படும். நீக்கியபின் அடிப்பூச்சும் வண்ணமும் மெல்லிய படலங்களாக ஏற வேண்டும். இந்நாளில் பொடி வண்ணத்தைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் முறை பரவியுள்ளது. அது உறுதியானது, விலையும் குறைவு. ஆனால் அது தடித்த படலம். கோத்த சக்கரத்தின்மேல் அதைப் பூசினால் நிப்பிள்கள் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு முறுக்க முயன்றால் படலம் வெடித்து, வெடிப்பில் நீர் புகும். சக்கரம் அச்சில் பொருந்தும் கூம்புப் பரப்பிலும் உட்பற்களிலும் எவ்வகை வண்ணமும் படாமல் காப்பது கட்டாயம்.

இதன் பின்னரே தலையாய பணி. கம்பிகளை வரிசை தவறாமல் கோத்து, சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றி, பக்கவாட்டு அசைவையும் மேல்கீழ் அசைவையும் அளந்து, நிப்பிள்களைக் கால்திருகு, அரைத்திருகு என்று முறுக்கிச் சரிசெய்வர். நம் சைக்கிள் கடைகளில் ‘கோட்டம் எடுத்தல்’ என்று சொல்வது இதையே. ஓரிடத்தில் முறுக்கினால் மற்றோரிடம் நகரும். எழுபத்திரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று பேசி உடன்பாட்டுக்கு வரும்வரை பொறுமை காக்க வேண்டும். அசைவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கினால் தேர்ந்த வேலை எனலாம். இறுதியாக, நிப்பிளுக்கு வெளியே நீண்டுள்ள கம்பி முனைகளை அராவி, வட்டத்தின்மேல் ரப்பர்ப் பட்டையிட்டு, டியூபுடன் டயரைப் பூட்டுவர். கம்பித் துளைகளின் வழியே காற்றுக் கசியுமாதலால் பழைய கம்பிச் சக்கரத்துக்கு டியூப் இன்றியமையாதது.

இப்பணிகள் அனைத்திலும் பார்வையாளர் கண்ணில் படுவது வண்ணமோ முலாமோ மட்டுமே. பயணம் செய்வோரின் உயிரோ, கண்ணில் படாத மற்றவற்றைப் பற்றியிருக்கிறது.

தொட்டியருகே நிற்பவர்

முலாமின் விலையை வண்டியில் செல்வோர் மட்டும் தருவதில்லை. குரோமியத் தொட்டியிலிருந்து எழும் நுண்துளிப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களின் மூக்குத் தண்டில் புண் ஏற்பட்டுத் துளைவிழுந்தது. கைகளில் ஆறாத புண்கள் தோன்றின. முலாம் தொழில் பரவிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே, 1931இல், பிரிட்டன் குரோமிய முலாமுக்கென்று தனி விதிகள் வகுக்க நேர்ந்தது. 1990இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, அத்தொட்டியில் உள்ள ஆறிணைதிறன் குரோமியச் சேர்மங்களை மனிதர்க்குப் புற்றுநோய் தருபவை என்று ஐயமின்றி வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பின் தனி அனுமதியின்றிக் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்தலாகாது என்றாயிற்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் அழகுக்கான அவ்வகை முலாமைப் படிப்படியாக நிறுத்த 2023இல் முடிவு செய்தது. தீங்கு குறைந்த மூவிணைதிறன் குரோமியம் மாற்றாக வந்துள்ளது. அதன் நிறம் பழையதிலிருந்து சற்று வேறுபடுகிறது என்று சிலர் குறைப்படுகின்றனர். சிறு நிற வேறுபாட்டையும் ஒரு தொழிலாளியின் நுரையீரலையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துவது முறையாகுமா என்பதை நேயர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எது பழைமை?

புதுப்பித்தல் என்னும் சொல்லில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. வெள்ளிச் சாம்பல் வண்ணத்துடன் பிறந்த சக்கரத்துக்குக் குரோமியம் பூசினால் அது பழைமையைக் காப்பதா, மாற்றி எழுதுவதா? காட்சிக்கு வரும் வண்டிகள் பல, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததைவிட மிகுதியாக மின்னுகின்றன. இதைக் காணும் இளையோர் அக்காலத்து வண்டிகள் யாவும் இவ்வாறே மின்னின என்று எண்ணிக்கொள்வர். வரலாற்றின் மீதும் முலாம் பூசப்பட்டுவிடுகிறது.

இதனால் நாம் அழகை வெறுக்கச் சொல்லவில்லை. வண்ணமும் ஓர் அழகே. அது துருவைத் தடுக்கும் கவசமுமாகும். மெருகு தன் இடத்தில் நின்று, உறுதிக்குத் துணை செய்யும்வரை அதற்கு மதிப்பு உண்டு. உறுதியைத் தின்று தான் ஒளிரும்போதுதான் அது பகையாகிறது.

‘கோட்டம்’ என்னும் சொல்லை நம் சைக்கிள் கடைக்காரர்கள் சக்கரத்தின் வளைவுக்கு வழங்குகிறார்கள். நம் பழைய நூல்களில் அதே சொல் நடுநிலை பிறழ்வதையும் குறிக்கும். சக்கரத்தைப் பற்றிப் பேசுவோரும் மனிதரைப் பற்றிப் பேசுவோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தியது தற்செயலாகத் தோன்றவில்லை. கோட்டம் எடுக்கும் கைவினைஞர் தாங்கியில் சக்கரத்தைச் சுழற்றும்போது அது மின்னுகிறதா என்று பார்ப்பதில்லை. நேராக ஓடுகிறதா என்றே பார்க்கிறார். பழைய சக்கரத்தைப் புதுப்பிக்கக் கொடுப்போரும் அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. மெருகைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.